மக்கள் கட்டித் தரும் அரண்மனை: ஏழு வார வேலைக் கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு, நான் எழுதும் கணினி விளையாட்டின் 13-ஆவது சுற்றில், திரையில் வெறும் தரையாகக் கிடந்த இடத்தில் ஒரு மண் சுவர் கீழிருந்து மேலாக எழுந்து நின்றது. அக்கா மகள் சுட்டியை விட்டுவிட்டுக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "மாமா, இது யாரு கட்டினது? நான் ஒண்ணும் பண்ணலையே" என்றாள். ஏழு வாரம் நான் காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான். அதனால் இதுவரை செய்ததை எல்லாம் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

எங்கிருந்து தொடங்கியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1991-இல் மைக்ரோபுரோஸ் நிறுவனம் வெளியிட்ட சிவிலைசேஷன், ஊர்களைக் கட்டி ஒரு நாட்டை வளர்க்கும் கணினி விளையாட்டு, சிட் மேயரும் புரூஸ் ஷெல்லியும் வடிவமைத்தது. அதில் அரண்மனைக் காட்சி என்று ஒரு திரை உண்டு. நாடு வளர வளர, நாம் கேட்காமலே மக்கள் முன்வந்து அரண்மனையில் ஒரு பகுதியைக் கட்டித் தருவார்கள். எந்தப் பகுதி, எந்தப் பாணி என்பதை மட்டும் நாம் சொன்னால் போதும். ஒரு பக்கம் கோதிக் கோபுரம், இன்னொரு பக்கம் குமிழ்க் கூரை என்று கலந்தும் வைக்கலாம். தலைநகரில் கட்டும் 'அரண்மனை' என்ற கட்டடத்துக்கு ஊழலைக் குறைக்கும் வேலை உண்டு. இந்தக் காட்சிக்கு அப்படி ஒரு வேலையும் இல்லை. ஒரு காசு வராது, ஒரு படை கூடாது. 1996-இல் வந்த இரண்டாம் பாகத்தில் இதே இடத்தில் சிம்மாசன அறை வந்தது. 2001-இல் மூன்றாம் பாகத்தில் அரண்மனை திரும்பி வந்தது. 2005-இல் நான்காம் பாகத்தில் அது காணாமல் போனது. எனக்கு அந்த நான்காம் பாகம் ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏதோ ஒன்று குறைவதாகவே படும்.

ஆகவே பைத்தான் நிரல்மொழியிலும், அதில் விளையாட்டு எழுத உதவும் பைகேம் நிரலகத்திலும் அதே மாதிரி ஒரு சிறிய நாகரிக விளையாட்டு எழுதி, அதில் அரண்மனையை வைப்பது என்று முடிவு செய்தேன். வரைபடம் 40-க்கு 30 கட்டம், 200 சுற்று, எதிரிகள் இரண்டு பேர். இவற்றை முன்பே எழுதி வைத்திருந்தேன். இந்த ஏழு வாரமும் அரண்மனைக்கு மட்டும்.

செலவு அதிகமில்லை. பழைய வரைபலகை ஒன்று, இரண்டாம் கையாக, 2,200 ரூபாய். கிராஃப் நோட்டு இரண்டு, 90 ரூபாய். படம் வரைய லிப்ரேஸ்பிரைட் என்ற மென்பொருள், இலவசம். மடிக்கணினி ஏற்கெனவே இருந்தது. திரை 1366-க்கு 768 புள்ளி (பிக்சல்). இந்த அளவைக் குறித்து வைக்கக் காரணம் உண்டு, முதல் தப்பே அங்குதான் நடந்தது.

மூல விளையாட்டான சிவிலைசேஷனை, பழைய விளையாட்டுகளை ஓட்ட உதவும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் ஓட்டி, அரண்மனைத் திரையைப் படம் பிடித்து, அதைப் பார்த்து விகிதம் பழகினேன். படம் 320-க்கு 200 புள்ளி. சரி, நானும் 320-க்கு 200 என்று வைத்து ஆறு படம் வரைந்தேன். எல்லாக் குமிழ்க் கூரையும் அமுங்கிப்போய், மேலே யாரோ உட்கார்ந்தது போல இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. அந்தக் காலத்துத் திரைகள் நாலுக்கு மூன்று விகிதம். 320-க்கு 200 படத்தை அதில் முழுக்க விரித்துக் காட்டும்போது ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் உயரமாகத் தெரியும். வரைந்தவர்கள் அதைக் கணக்கில் வைத்தே வரைந்தார்கள். நான் படம் பிடித்துப் பார்த்ததோ சதுரப் புள்ளியில்.

மூலத்தைப் போலவே செய்வது என்றால் அகலத்தை 5 மடங்கும் உயரத்தை 6 மடங்கும் பெருக்க வேண்டும், அதாவது 1600-க்கு 1200. என் திரையில் இடமில்லை. பின்ன மடங்கில் பெருக்கினால் சில வரிசை தடித்தும் சில வரிசை மெலிந்தும் போகிறது, செங்கல் வரிசையில் அது உடனே கண்ணை உறுத்துகிறது. கடைசியில் 320-க்கு 240 என்று மாற்றி, சதுரப் புள்ளியாகவே வைத்து, 3 மடங்கு பெருக்கினேன். 960-க்கு 720, திரையில் கச்சிதமாக உட்கார்ந்தது. அந்த ஆறு படமும் வீண். அடுத்த முறை தூரிகையைத் தொடும் முன் ஒரு வட்டத்தை மட்டும் வரைந்து, திரையில் அது வட்டமாகவே தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போவேன்.

பிறகு அளவுகளைக் கிராஃப் நோட்டில் போட்டேன். நடு மண்டபம் 64 புள்ளி அகலம். இருபுறமும் உள் சிறகு (பக்கக் கட்டடம்) 48, அதற்கு வெளியே வெளிச் சிறகு 40. மொத்தம் 240. இரண்டு ஓரத்திலும் 40 புள்ளி வானத்துக்கு. முன்னால் இடது தோட்டம், வலது தோட்டம். ஆக ஏழு பகுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை, மொத்தம் 21 மேம்பாடு. தரைக்கோடு மேலிருந்து 196-ஆவது வரிசை. மிக உயரமான நடு மண்டபம் 112 புள்ளி.

பாணி மூன்று: கோதிக், கிரேக்கத் தூண் பாணி, குமிழ்க் கூரைப் பாணி. மதுரை திருமலை நாயக்கர் மஹால் பாணியில் நாலாவதாக ஒன்று வரைய ஆசைப்பட்டு, அங்கே எடுத்த படங்களை வைத்துக்கொண்டு மூன்று இரவு உட்கார்ந்தேன். அந்தத் தூண்களை 48 புள்ளிக்குள் கொண்டுவந்துவிடலாம். தூணுக்குத் தூண் மேலே போகும் இதழ் இதழான வளைவைக் கொண்டுவர முடியவில்லை, ஒவ்வொரு இதழுக்கும் 2 புள்ளிதான் கிடைக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ரம்பப் பல் மாதிரி இருந்தது. அந்த மஹாலுக்கு அது மரியாதை இல்லை என்று எடுத்துவிட்டேன். நடு மண்டபம் குறைந்தது 96 புள்ளி அகலம் உள்ள ஒரு திரையில்தான் இனி அதைத் தொடுவேன்.

பாணிகளைக் கலக்க விடுவதென்றால் ஒட்டுமிடம் பொருந்த வேண்டும். கோதிக் சிறகு உயரமாகவும் பக்கத்துக் கிரேக்க மண்டபம் குட்டையாகவும் இருந்தால் இடையில் வானம் எட்டிப் பார்க்கும். எல்லாப் பகுதிக்கும் இரண்டு விளிம்பிலும் 8 புள்ளி அகலத்தில் ஒரே மாதிரிக் கல் பட்டை வைத்தேன், தளத்தின் உயரம் எங்கும் 28 புள்ளி. அதன் பிறகு எதை எதோடு வைத்தாலும் ஒட்டிக்கொண்டது.

வலது சிறகுகளைத் தனியாக வரையாமல் இடது படத்தையே பைகேமில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட்டால் வேலை பாதியாகும் என்று கணக்குப் போட்டேன். நடு மண்டபம், உள் சிறகு, வெளிச் சிறகு, மூன்று நிலை, மூன்று பாணி: 27 படம். தோட்டத்துக்குப் பாணி கிடையாது, 3 படம். மொத்தம் 30. ஒன்றுக்குச் சுமார் 40 நிமிடம், 20 மணி நேரம். எல்லாம் வரைந்து முடித்து ஒன்றாக நிறுத்திப் பார்த்தபோது அரண்மனை நடுவில் பிளந்தது போல இருந்தது. காரணம் நிழல். நான் இடமிருந்து வெளிச்சம் வருவதாக வரைந்திருந்தேன். திருப்பியபோது வலது சிறகுக்கு வலமிருந்து வெளிச்சம் விழுந்தது. இரண்டு சூரியன்! சிறகுப் படம் 18-லும் பக்க நிழலை அழித்து, உச்சி வெயில் போல ஜன்னல் மேல்விளிம்பின் கீழும் கூரை விளிம்பின் கீழும் மட்டும் 2 புள்ளி நிழல் விட்டேன். ஒரு முழு சனிக்கிழமை போனது. பிம்பம் திருப்புவதாக இருந்தால் வெளிச்சத்தை நேர் மேலிருந்து வைக்க வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.

படம் முடிந்தது. எப்போது கொடுப்பது என்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி, அதற்கு மட்டும் மூன்று வாரம் பிடித்தது.

என் விளையாட்டில் ஒவ்வொரு ஊரிலும் மகிழ்ச்சியானவர்கள், சாதாரணமாக இருப்பவர்கள், குமுறுபவர்கள் என்று மூன்று வகை மக்கள். ஒவ்வொரு சுற்றிலும் மகிழ்ச்சியானவர்களின் எண்ணிக்கையிலிருந்து குமுறுபவர்களின் எண்ணிக்கையைக் கழித்து, மிஞ்சியதை ஓர் உண்டியலில் போட்டேன். உண்டியலில் 100 சேர்ந்தால் ஒரு மேம்பாடு. எளிமையாக இருக்கிறதே என்று அப்படியே ஓட்டினேன்.

50-ஆவது சுற்று வரை ஒன்றும் வரவில்லை, முதல் மேம்பாடே அங்குதான். 100-ஆவது சுற்றில் மொத்தம் 4. 150-இல் 15. அதற்குப் பிறகு இரண்டு மூன்று சுற்றுக்கு ஒன்று என்று கொட்டி, 168-ஆவது சுற்றில் 21-உம் முடிந்துபோனது. மீதி 32 சுற்று மக்கள் மகிழ்ந்து என்ன பயன்? தொடக்கத்தில் ஊர் சிறியது, உண்டியலில் சுற்றுக்கு ஒன்றோ இரண்டோ விழும். கடைசியில் சுற்றுக்கு நாற்பது ஐம்பது விழும். நாட்டின் வளர்ச்சி ஏறிக்கொண்டே போகும்போது விலை மட்டும் ஒரே இடத்தில் நின்றால் இப்படித்தான் ஆகும்.

விலையையும் ஏற்றினேன். முதல் மேம்பாட்டுக்கு 15, இரண்டாவதற்கு 30, மூன்றாவதற்கு 45, இப்படியே ஒவ்வொன்றுக்கும் 15 கூட. 21-க்கும் சேர்த்து 3,465 வருகிறது. ஒரு நல்ல ஆட்டத்தில் உண்டியலில் விழும் மொத்தமோ சுமார் 3,500. இந்த இரண்டு எண்ணும் அருகருகே வந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! ஓட்டிப் பார்த்தேன். முதல் 50 சுற்றில் 3, அடுத்த 50-இல் 4, அடுத்ததில் 6, கடைசி 50-இல் 8. கடைசிக் கோபுரம் ஆட்டம் முடிய இரண்டு சுற்று இருக்கும்போது எழுந்தது.

இங்கேதான் ஒரு நண்பரை விளையாட விட்டேன். கணக்கில் கெட்டி. அவர் உண்டியலை உடைத்துவிட்டார். அப்போது திரையின் மேல் மூலையில் 'அரண்மனை 60 சதவீதம்' என்று நிரம்பிக்கொண்டே போகும் ஒரு பட்டை வைத்திருந்தேன். அவர் அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டே, நிரம்பப் போகிறது என்று தெரிந்ததும் வரிப்பணம் முழுவதையும் ஒரே ஒரு சுற்றுக்கு ஆடம்பரத்துக்குத் திருப்புவார். அந்தச் சுற்றில் நாடே குதூகலிக்கும், உண்டியல் நிரம்பும், அடுத்த சுற்றில் பணம் பழையபடி படைக்குப் போகும். ஊரில் குமுறல் இருந்துகொண்டேதான் இருந்தது, அரண்மனை மட்டும் வளர்ந்தது. "நல்லா இருக்குப்பா" என்றார். எனக்கு வருத்தமாக இருந்தது. விதிப்படி அவர் செய்தது சரிதான். என் விதிதான் தப்பு.

இரண்டு மாற்றம் செய்தேன். ஒவ்வொரு ஊருக்கும் கடைசி 5 சுற்றின் மகிழ்ச்சிக் கணக்கை வைத்துக்கொண்டு, அவற்றில் மிகக் குறைந்த எண்ணை மட்டும் உண்டியலில் போட்டேன். ஒருநாள் கூத்து இனி செல்லாது, ஐந்து சுற்று தொடர்ந்து நன்றாக நடத்தினால்தான் மக்கள் நம்புவார்கள். ஓர் ஊரில் ஒரு கலவரம் வந்தால் ஐந்து சுற்றுக்கு அந்த ஊரிலிருந்து எதுவும் வராது. இதனால் மொத்தம் 3,250 அளவுக்கு இறங்கியது. ஆகவே 15-ஐ 14 ஆக்கினேன், 21-க்கும் சேர்த்து 3,234. அப்புறம், அந்தப் பட்டையை எடுத்துவிட்டேன். இதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். பட்டை இருந்தால் அது கூலி. நாள் எண்ணிக் காத்திருந்து வாங்கிக்கொள்கிறோம். பட்டை இல்லாமல் திடீரென்று வந்தால்தான் யாரோ நமக்கென்று கொண்டுவந்த பொருளாக இருக்கிறது.

அதே வாரத்தில் இன்னொரு தப்பும் செய்தேன். இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பதற்கு ஏதாவது பலன் இருக்கட்டுமே என்று ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் சுற்றுக்கு 2 பொன் வருமானம் வைத்தேன். மூன்று நாள்தான் அது இருந்தது. நண்பர் அதன் பிறகு பாணியைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. முதலில் எது தெரிகிறதோ அதை அழுத்திவிட்டுப் பொன்னைப் பார்க்கப் போனார். அதுவரை "இந்தப் பக்கம் தூண் வச்சா எடுப்பா இருக்குமா" என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். பொன்னை எடுத்ததும் அந்தக் கேள்வி திரும்பி வந்தது. மூலத்தில் ஏன் ஒன்றும் தராமல் விட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு மனசுக்குள் இறங்கியது.

நேரம் பற்றியும் ஒரு சிக்கல். உண்டியல் நிரம்பிய சுற்றிலேயே எதிரி ஓர் ஊரைப் பிடித்தால், ஊர் போன செய்திக்கு அடுத்து மக்கள் ஆரவாரம். கேட்கவே கூடாத சத்தம் அது. ஊர் இழந்தால் மூன்று சுற்று கழித்துத்தான் அறிவிப்பு என்று மாற்றினேன். அப்படி நிறுத்தி வைத்த மேம்பாட்டைச் சேமிப்புக் கோப்பில் எழுத மறந்துவிட்டேன். ஆட்டத்தைச் சேமித்து மூடிவிட்டு மறுநாள் திறந்தால் ஒரு மேம்பாடு மாயமாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது, ஏனென்றால் பட்டையை எடுத்துவிட்டதால் வரவேண்டியது வரவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது எனக்கு மட்டும் ஒரு பதிவுக் கோப்பு உண்டு. உண்டியலில் விழும் ஒவ்வொரு எண்ணும் அதில் இருக்கும்.

கட்டடம் எழும் காட்சி முதலில் 5 விநாடி. 21 தடவை பார்ப்பவருக்கு அது நீளம். இப்போது விநாடிக்கு 60 வரிசை. மிக உயரமான நடு மண்டபம்கூட இரண்டு விநாடிக்குள் எழுந்துவிடும்.

தமிழ் எழுத்து கொடுத்த வேலையையும் சொல்ல வேண்டும். நான் வைத்திருந்த பைகேம் பதிப்பில் நேரடியாக எழுதினால் கொம்புகள் இடம் மாறின. 'கொடை' என்ற சொல்லே படிக்க முடியாமல் உடைந்தது. முன்கூட்டியே எழுதிய வாக்கியங்களைப் படமாக வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் ஊர்ப் பெயரை விளையாடுபவர்தான் வைக்கிறார். கடைசியில் படங்களைக் கையாளும் பில்லோ நிரலகத்தை ராக்கம் என்ற எழுத்தமைப்புக் கருவியோடு சேர்த்து, எழுத்தை முதலில் படமாக வரைந்து, அந்தப் படத்தைப் பைகேமிடம் கொடுத்தேன். இரண்டு மாலை வேலை. கொம்பு அதனதன் இடத்தில் உட்கார்ந்தது.

வாசகத்தையும் அப்போதே மாற்றினேன். முதலில் எழுதியிருந்தது 'அரண்மனை நிலை 1 திறக்கப்பட்டது'. அது யார் பேசுவது? இப்போது உண்டியலில் அதிகம் போட்ட ஊர் எதுவோ அதன் பெயரில் வருகிறது: 'நாவல்மரம் மக்கள் உங்களுக்கு ஒரு சிறகு கட்டித் தர வந்திருக்கிறார்கள். எங்கே கட்டட்டும்?' ஊரின் பெயரும் சுற்றின் எண்ணும் அந்தப் பகுதியோடு பதிவாகிவிடும். பி விசையை அழுத்தி அரண்மனைக்குப் போய், எந்தக் கோபுரத்தின் மேல் சுட்டியை வைத்தாலும் யார் கொடுத்தது, எப்போது என்று தெரியும். எட்டே வரி நிரல். இந்த ஏழு வாரத்தில் எழுதியதிலேயே எனக்கு அதிகம் பிடித்தது அதுதான்.

நாவல்மரம் என்பது அக்கா மகள் வைத்த பெயர். பாட்டி வீட்டுக் கொல்லையில் இருப்பது. ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய ஆட்டத்தை அவள் நேற்று வரை விளையாடினாள். 61-ஆவது சுற்றில் நாவல்மரம் மக்கள் அவளுக்கு வலது வெளிச் சிறகைக் குமிழ்க் கூரையோடு கட்டிக் கொடுத்தார்கள். 140-ஆவது சுற்றில் எதிரி அந்த ஊரைப் பிடித்துக்கொண்டான். அவள் பி விசையை அழுத்தி, அந்தக் குமிழின் மேல் சுட்டியை வைத்து, 'நாவல்மரம் மக்கள், 61-ஆவது சுற்று' என்று வந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வரைபடத்துக்குத் திரும்பி, மிச்சமிருந்த பொன்னில் இரண்டு கவண்பொறி வாங்கினாள். 158-ஆவது சுற்றில் ஊர் திரும்பக் கிடைத்தது. இதில் எதையும் நான் நிரலில் முன்கூட்டியே எழுதி வைக்கவில்லை.

"மாமா, ஊரு அவன்கிட்ட இருந்தப்போ நம்ம கோபுரத்துல கொடி இறங்கியிருக்கணும்ல" என்றாள்.

இறங்கியிருக்க வேண்டும்தான். கொடி இப்போது சிறகுப் படத்திலேயே சேர்த்து வரையப்பட்டிருக்கிறது, 6 புள்ளி நீளம், 4 புள்ளி உயரம். அதைத் தனியாகப் பிரித்தெடுத்தால்தான் இறக்கவும் ஏற்றவும் முடியும். பிரிக்க உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன்: பிம்பம் திருப்பியதால் இடது சிறகுக் கொடி ஒரு பக்கமும் வலது சிறகுக் கொடி எதிர்ப்பக்கமும் பறந்துகொண்டிருக்கிறது. இரண்டு சூரியனைச் சரி செய்தவன் இரண்டு காற்றைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை வேலை அது.